வெளிச்சத்தில் வளரும் கண்: குழந்தைகளின் கிட்டப்பார்வையும் திறந்தவெளியும்

இரண்டு நகரங்கள், ஒரே வம்சம்

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளின் கண்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் செய்தது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது, சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்கு. பெற்றோரில் ஒருவருக்காவது அக்குறை இருந்த குடும்பங்களின் பங்கு இரு ஊர்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியிருந்தும் பிள்ளைகளிடையே ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேறுபாடு.

வழக்கமான விளக்கம் இங்கே எடுபடவில்லை. படித்துப் படித்துத்தான் கண் கெடுகிறது என்றால், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அதிகம் படித்திருக்க வேண்டும். வாரத்துக்கு அதிகப் புத்தகங்கள் வாசித்தவர்களோ சிட்னிப் பிள்ளைகள். பெரிய வேறுபாடு வேறோர் இடத்தில் தெரிந்தது. சிட்னிக் குழந்தை வாரத்துக்குச் சராசரியாக 13.75 மணி நேரம் கூரைக்கு வெளியே இருந்தது. சிங்கப்பூர்க் குழந்தை 3.05 மணி நேரம், அதாவது நாளுக்கு அரை மணிகூட இல்லை.

இயற்கையோடு இருப்பது மனிதரைச் செழுமைப்படுத்தும் என்ற பேச்சு இன்று எங்கும் உண்டு. மனம் லேசாகும், கவனம் கூடும், நோய் தணியும் என்று பட்டியல் நீள்கிறது. விடுதி விளம்பரங்கள்வரை அது வந்துவிட்டது. அந்தப் பெரும்பேச்சிலிருந்து இக்கட்டுரை ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வெளியில் இருப்பது குழந்தையின் கண்ணைக் கிட்டப்பார்வையிலிருந்து காக்கிறதா? காக்கிறது என்றால், வெளியில் இருக்கும் எது அதைச் செய்கிறது?

கேள்வி சிறியது, அதன் பரப்பு சிறியதல்ல. பிரையன் ஹோல்டனும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2000இல் உலக மக்களில் 22.9 விழுக்காட்டினருக்கு இருந்த கிட்டப்பார்வை, 2050இல் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருக்கும். பத்தில் ஒருவருக்குக் கடுமையான அளவில் இருக்கும். கடுமையான கிட்டப்பார்வை என்பது தடித்த கண்ணாடியோடு முடிவதில்லை. விழித்திரை விலகல், விழித்திரையின் மையப்பகுதிச் சிதைவு, கண்நீர் அழுத்த நோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பு அதோடு சேர்ந்து உயர்கிறது.

பழைய விளக்கங்கள்: புத்தகமும் பரம்பரையும்

டிவியைக் கிட்ட உட்கார்ந்து பார்க்காதே, படுத்துக்கொண்டு படிக்காதே, பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிட்டால் பவர் குறையும் என்பவை நம் வீடுகளில் புழங்கும் அறிவுரைகள். கீரை நல்ல உணவு. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்கவும் அது உதவும். நீண்டுபோன கண்கோளத்தைச் சுருக்க அதனால் முடியாது. மற்ற இரண்டு அறிவுரைகளும், கிட்டத்தில் பார்ப்பதால் கண் கெடும் என்ற ஒரு நீண்ட மரபின் எச்சங்கள்.

அந்த மரபை எண்களோடு தொடங்கிவைத்தவர் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர். பிரெஸ்லாவ் நகரிலும் (இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்) சுற்றுப்புறங்களிலும் 10,060 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 1867இல் அவர் நூல் வெளியிட்டார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கிட்டப்பார்வை அரிதாக இருந்தது. நகரத்து மேல்நிலைப் பள்ளிகளில், வகுப்பு உயர உயரக் கூடிக்கொண்டே போனது. பெஞ்சின் உயரம், எழுத்தின் அளவு, வகுப்பறைச் சன்னல் ஆகியவை அதன்பின் அங்கே பொதுவிவாதப் பொருளாயின. சன்னல்களைப் பெரிதாக்கச் சொன்ன அந்தக் காலத்து மருத்துவர்கள், இன்று நாம் வந்து சேர்ந்திருக்கும் இடத்துக்கு மிக அருகில் நின்றிருந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காற்று பரம்பரைப் பக்கம் வீசியது. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் கிட்டப்பார்வை பெரும்பாலும் மரபுவழி வருவது என்று காட்டின. மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதில் இன்றும் ஐயமில்லை. ஆனால் 1969இல் அலாஸ்காவின் வடகோடியிலிருந்து வந்த தகவல் அந்த விளக்கத்தை உலுக்கியது. அங்கு வாழும் இனுயிட் மக்களில், தனித்த சிற்றூர்களில் வளர்ந்த 131 பெரியவர்களில் இருவருக்கு மட்டுமே கிட்டப்பார்வை. அவர்களுடைய பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது. ஒன்றிரண்டு தலைமுறையில் மரபணு அப்படி மாறிவிடாது. மாறியது வாழ்க்கை, குறிப்பாக, பள்ளி வந்திருந்தது.

படிப்பின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது. இஸ்ரேலில் 1993இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நாள் முழுக்கச் சமய நூல்களில் மூழ்கியிருக்கும் வைதிக யூதப் பள்ளி மாணவர்களில் 81.3 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருப்பதைக் கண்டது. அதே சமூகத்தின் மாணவியரில் அது 36.2 விழுக்காடு. குடும்பப் பின்னணி ஒன்று. பள்ளிப் பழக்கம் வேறு. பிரிட்டனின் பெரிய உயிரியல் தரவுத்தொகுப்பை வைத்து 2018இல் நடந்த பகுப்பாய்வு, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் கண்ணைச் சராசரியாக 0.27 டயாப்டர் (கண்ணாடி ‘பவரின்’ அலகு) கிட்டப்பார்வையின் பக்கம் தள்ளுகிறது என்று மதிப்பிட்டது. ஆனால் ‘படிப்பு’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் கிட்டத்தில் பார்ப்பது, அறைக்குள் இருப்பது, வெளியே போகாமல் இருப்பது எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் கடந்த சில பத்தாண்டு ஆராய்ச்சியின் வேலையாக இருந்துவந்திருக்கிறது.

கண் ஏன் நீள்கிறது

பிறந்த குழந்தையின் கண்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்; வளர்ந்தவரின் கண் 24 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். இந்த வளர்ச்சி நடக்கும்போது விழித்திரை சரியாக ஒளி குவியும் இடத்தில் வந்து நிற்க வேண்டும். மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் ஏறத்தாழ ஒரு டயாப்டர் பவர். இவ்வளவு நுட்பமான அளவை மரபணு மட்டும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்க முடியாது. கண், தான் பார்ப்பதை வைத்தே தன் நீளத்தைத் திருத்திக்கொள்கிறது.

இது தெரியவந்த விதமே சுவையானது. டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் குரங்குக் குட்டிகளின் இமையைத் தைத்து மூடி வைத்தபோது, மூடிய கண் இயல்பைவிட நீண்டு வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். 1977இல் அதை வெளியிட்டார்கள். அதன்பின் ஆய்வுக்கூடங்களுக்குக் கோழிக்குஞ்சு வந்தது. குஞ்சின் ஒரு கண் மேல் பால்நிறக் கிண்ணம்போன்ற ஒரு மூடியை ஒட்டுவார்கள். வெளிச்சம் புகும், உருவம் தெளியாது. சில நாட்களிலேயே அந்தக் கண் மற்றதைவிட நீண்டுவிடும். குஞ்சு ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

2009இல் ரீகன் ஆஷ்பி, ஃபிராங்க் ஷேஃபெல் குழுவினர் அதே மூடியிட்ட குஞ்சுகளை நாள்தோறும் சில மணி நேரம் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தில் வைத்தார்கள். கண் நீள்வது கணிசமாகக் குறைந்தது. விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பிரகாசமான ஒளி பட்டால் விழித்திரை அதிக டோபமினைச் சுரக்கிறது. அது கண் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்ற கருதுகோள் இப்படித்தான் உருவானது. குரங்குகளிலும் வலுவான வெளிச்சம், உருவம் தெளியாததால் வரும் கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்தியது.

வீட்டுக் கூடத்தில் பகலில் விளக்கு போட்டு உட்கார்ந்திருக்கும்போது 300 முதல் 500 லக்ஸ் கிடைத்தால் அதிகம். நம் கண்ணுக்கு அது தாராளமாகத் தோன்றும். கண் தன்னைத் தகவமைத்துச் சரிக்கட்டிவிடுவதால் வித்தியாசம் உறைப்பதில்லை. வாசற்படி தாண்டி நல்ல வெயிலில் நின்றால் ஒரு லட்சம் லக்ஸ்வரை போகலாம். வேப்பமர நிழலில் நின்றாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். எந்த டியூப்லைட்டும் அந்த நிழலோடு போட்டி போட முடியாது.

பள்ளிகளில் நடந்த சோதனை

விலங்குச் சோதனையும் கணக்கெடுப்பும் மட்டும் போதா. வெளியில் விளையாடும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை குறைவு என்று கண்டால், நன்றாகத் தூரம் தெரியும் குழந்தைதான் வெளியே ஓடுகிறது என்றும் வாதிடலாம். பந்து தெரியாத பிள்ளை மைதானத்துக்குப் போகத் தயங்கும் அல்லவா? ஆகவே குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சீனாவின் குவாங்ஜோ நகரில் ஹே மிங்குவாங் தலைமையில் அது நடந்தது. 12 தொடக்கப் பள்ளிகள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 1,903 பேர். ஆறு பள்ளிகளில் பள்ளி நேர முடிவில் தினமும் 40 நிமிடம் வெளியில் நடக்கும் ஒரு பாடவேளை சேர்க்கப்பட்டது. மற்ற ஆறும் பழையபடி இயங்கின. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது வழக்கப்படி இயங்கிய பள்ளிகளில் 39.5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளி வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 விழுக்காடு. 2015இல் வெளிவந்த இந்த முடிவு, துறைக்குள் விவாதத்தின் போக்கையே திருப்பியது.

இதை மிகைப்படுத்தாமல் வாசிக்க வேண்டும். குறைந்த அளவு ஒன்பது விழுக்காட்டுப் புள்ளிகளே; வெளியே போன பிள்ளைகளிலும் பத்தில் மூவருக்குக் குறை வந்தது. கண்கோளம் வெளியே போனவர்களிடம் 0.95 மில்லிமீட்டரும் மற்றவர்களிடம் 0.98 மில்லிமீட்டரும் நீண்டிருந்தது; அந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. நாற்பது நிமிடம் குறைவான அளவு என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்.

தைவானில் அளவு கூடுதலாக இருந்தது. வூ பெய்ச்சாங் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இடைவேளைதோறும் பிள்ளைகளை வகுப்பறையை விட்டு வெளியேற்றிய பள்ளியில் ஓராண்டில் 8.41 விழுக்காட்டினருக்கும், அவ்வாறு செய்யாத பள்ளியில் 17.65 விழுக்காட்டினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியது. இது ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு ஒப்பிட்டது என்பதால் இதன் எடை குவாங்ஜோ சோதனையைவிடக் குறைவு. ஆனால் நாடு தழுவிய தரவு அதற்குத் துணை நிற்கிறது. தினம் 120 நிமிடம் வெளியில் என்ற இலக்கோடு 2010இல் தைவான் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அங்குத் தொடக்கப் பள்ளி மாணவரிடையே பார்வைக் குறைவு 2001இல் 34.8 விழுக்காட்டிலிருந்து 2011இல் 50 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. 2012இல் 49.4, 2015இல் 46.1 என அது முதன்முறையாக இறங்கத் தொடங்கியது.

எதிர்த்திசையில் ஒரு சோதனை யாரும் திட்டமிடாமலேயே நடந்தது. சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில் ஃபெய்ச்செங் என்ற ஊரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதிக்கும் வழக்கம் இருந்தது. 2020இல் பெருந்தொற்றுக்காக வீட்டில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ஆறு வயதினரில் 21.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் எந்த ஆண்டும் அந்த வயதில் 5.7ஐத் தாண்டியதில்லை. திரையும் கூடியது, வெளியும் மூடியது. இரண்டையும் பிரித்தறிய இந்தத் தரவால் இயலாது. ஆனாலும் பத்து வயதைத் தாண்டியவர்களிடம் இவ்வளவு பெரிய தாவல் தென்படவில்லை. இளம் கண்ணே எளிதில் வளைகிறது.

ஓர் எல்லையை இங்கே குறித்தாக வேண்டும். 2017இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, வெளிநேரம் கிட்டப்பார்வை *தோன்றுவதைத்* தடுக்கிறது, ஆனால் ஏற்கெனவே வந்தவர்களுக்கு அது *கூடுவதைத்* தடுப்பதாகத் தெரியவில்லை என்று முடிவு செய்தது. வெளியே விளையாடவிட்டால் கண்ணாடி கழன்றுவிடும் என்று நம்பி, பிள்ளைக்குக் கண்ணாடி போடாமல் வைத்திருப்பது தவறு. அவர்களுக்குக் கண் மருத்துவர்தான் வழி.

மரமா, வெளிச்சமா?

ஓடியாடுவது காரணமா? சிட்னிக் குழுவின் இன்னோர் ஆய்வு இதற்குப் பதில் தந்தது. உள்ளரங்கில் விளையாடியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை; வெளியில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு உண்டு. வெயில் தரும் வைட்டமின் டி காரணமா? புற ஊதாக் கதிர் இல்லாத விளக்கிலேயே ஆய்வுக்கூட விலங்குகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. மரபணுவழிப் பகுப்பாய்வும் வைட்டமின் டியைக் கைவிட்டது. தொலைவைப் பார்ப்பது காரணமா என்பது இன்னும் திறந்த கேள்வி. அறைக்குள் மேசை ஓரிடத்திலும் சுவர் ஓரிடத்திலுமாகக் குவிதூரம் கலைந்து கிடக்கிறது. வெளியில் பெரும்பாலானவை தொலைவில் ஒரே சீராக இருக்கின்றன என்று இயன் ஃப்ளிட்கிராஃப்ட் வாதிடுகிறார். இலை, புல், மண் ஆகியவற்றில் உள்ள நுணுக்கமான கோடுகளும் புள்ளிகளும், வெற்றுச் சுவரில் இல்லாத தகவலைக் கண்ணுக்குத் தருகின்றன என்றும் ஒரு கருத்து உண்டு. மரத்துக்கு இதில் பங்கிருந்தால் அது இந்த வழியில்தான் வர வேண்டும். இப்போதைக்குச் சான்றின் பெரும்பகுதி வெளிச்சத்தின் பக்கம் நிற்கிறது.

இயற்கை அன்பர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். காடு வேண்டியதில்லை, பறவை வேண்டியதில்லை, பொட்டல் மைதானம் போதும் என்றாகிறது. ஆனால் இயற்கை குறித்த மற்ற புகழ்பெற்ற கூற்றுகளோடு வைத்துப் பார்த்தால் இதன் வலு புரியும். ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட, எங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, பித்தப்பை அறுவை முடிந்த 46 நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. சன்னல்வழி மரம் தெரிந்தவர்கள் 7.96 நாளிலும், செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். அழகான கண்டுபிடிப்பு, மிகச் சிறிய மாதிரி. இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரிடம் எடுத்த கணக்கை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கையில் கழிப்பவர்கள் தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றது. மாதிரி பெரியது, ஆனால் நலமாக இருப்பவர்தான் வெளியே போகிறாரா என்ற பழைய ஐயம் அங்கே அப்படியே நிற்கிறது. இங்கிலாந்தில் வாரத்துக்கு 120, தைவானில் நாளுக்கு 120: எண் ஒன்றுதான், பின்னாலுள்ள சான்றின் தரம் ஒன்றல்ல. மனத்தைப் பற்றிய கூற்றுகள் பொய் என்பதல்ல இதன் பொருள். கண்ணைப் பற்றிய கூற்றுக்கு, உடலில் அளக்கத்தக்க விளைவும் செயல்முறை விளக்கமும் குலுக்கல் சோதனையும் மூன்றும் சேர்ந்து கிடைத்திருக்கின்றன. மற்றவற்றில் இம்மூன்றும் ஒருசேர இவ்வளவு வலுவாக அமைந்தது அரிது.

இந்தியப் பிள்ளைகள்

இந்தியா இன்னும் சிங்கப்பூர் ஆகிவிடவில்லை. 2002இல் வெளிவந்த ஆய்வுகளில் டெல்லி நகரப் பிள்ளைகளில் 7.4 விழுக்காட்டினருக்கும், இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகர்க் கிராமப்புறத்தில் 4.1 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. 2015இல் எய்ம்ஸ் மருத்துவர்கள் டெல்லிப் பள்ளிகளில் 9,884 பிள்ளைகளைச் சோதித்தபோது அது 13.1 விழுக்காடு. ஒன்று குடியிருப்புகளில் எடுத்தது, மற்றொன்று பள்ளிகளில் எடுத்தது என்பதால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்ப்பது சரியல்ல. திசை மட்டும் தெளிவு. அதே 2015 ஆய்வில் தனியார் பள்ளிப் பிள்ளைகளிடம் குறை அதிகம். தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருப்பவர்களிடம் மிகக் குறைவு.

மகபூப்நகரின் 4.1ஐப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. கிராமத்துப் பிள்ளையின் கண் நன்றாக இருப்பதில், பள்ளியில் குறைவாகவே இருந்ததற்கும் பங்கிருக்கலாம். ஆடு மேய்க்கும் சிறுவனின் தெளிந்த பார்வையைப் புகழ்ந்து எழுதுவது எளிது. அவனுக்குக் கிடைக்காத எட்டாம் வகுப்பை யார் ஈடுசெய்வது? படிப்பா, பார்வையா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதே சிட்னிப் பிள்ளைகள் தரும் செய்தி. அவர்கள் அதிகம் வாசித்தார்கள், அதிகம் வெளியிலும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டு நகரங்களில் இது வீட்டாரின் விருப்பத்தோடு நிற்கும் விஷயமல்ல. காலை எட்டுக்கு வேன், மாலை நாலரைக்குத் திரும்பி டியூஷன், இருட்டிய பிறகு விடுதலை என்று ஓடும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பகல் வெளிச்சம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளி. கல்வி உரிமைச் சட்டம் 2009 தன் அட்டவணையில் விளையாட்டு மைதானத்தைப் பள்ளிக்குரிய கட்டாயத் தேவைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மாடிக் கட்டடத்தில் இயங்கும் தொடக்கப் பள்ளிகளில் அந்த மைதானம் வாகன நிறுத்தமாகச் சுருங்கிக் கிடப்பதைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம்.

நம் வெயிலைக் காட்டி ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. ஏப்ரல் நண்பகலில் பிள்ளையை மைதானத்தில் நிறுத்தச் சொல்வார் யாருமில்லை. அதற்குத் தேவையும் இல்லை. வூ பெய்ச்சாங் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரம் லக்ஸ் அளவுள்ள மிதமான வெளிச்சத்திலேயே பயன் இருப்பதைக் காட்டியது. நேர்வெயில் வேண்டாம், மர நிழலே போதும் என்பது அதன் பரிந்துரை. தொப்பி அணிந்தாலும் அந்த அளவு கிடைத்துவிடும். சூரியனை நேராகப் பார்ப்பது எப்போதும் ஆபத்து. காலை வழிபாட்டுக்குப் பிந்தைய அரை மணி, புங்கமர நிழலில் ஒரு வாய்ப்பாட்டு வகுப்பு, மதிய உணவை வராந்தாவுக்கு வெளியே உண்பது, மாலை மூன்றரைக்கு மேல் ஒரு பாடவேளை என்று துண்டுதுண்டாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். இங்கேதான் மரம் வேறொரு வழியில் உள்ளே வருகிறது: வெப்ப நாட்டில் பிள்ளைகளை வெளியே வைத்திருக்க உதவும் கூரையாக.

குவாங்ஜோவில் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்த 40 நிமிடம், நம் பள்ளிகளின் கால அட்டவணையில் பி.டி. பீரியட் என்ற பெயரில் வாரத்துக்கு ஓரிரு முறையாவது ஏற்கெனவே இருக்கிறது. கிட்டப்பார்வை தோன்றும் வயதான ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை அதைத் தினசரிப் பாடவேளை ஆக்கப் பள்ளிக் கல்வித்துறை முன்வர வேண்டும். அதுவரை, இருக்கும் அந்த ஒன்றிரண்டைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குவதை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும். வாங்கச் சொல்வதைப் பெற்றோரும் நிறுத்த வேண்டும்.